தோல் ஊரில் திறந்த கார்

எங்கள் பக்கத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டை ஒருவரும் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னதில்லை. டாக்டர் வண்டி என்பார்கள். வேலூரில் டாக்டர்களும் வக்கீல்களும் வைத்திருந்தார்கள். இரண்டே கதவு, ஒடிசலான உடம்பு, பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் நிமிர்ந்து நிற்கும் சின்னத் துடுப்பு. ஆம்பூர் டேனரி முதலாளிகளுக்கு அம்பாசிடர்தான். சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டிக்குப் போய்வர முன்னால் மூன்று பேர், பின்னால் நான்கு பேர், டிக்கியில் சாம்பிள் தோல் கட்டு. அத்தனையும் ஏறாத காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஊர் கேட்டது. நியாயமான கேள்விதான்.

ஆனால் ஹெரால்டின் தகரத்தைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு வேறொரு கதை தெரியும். இங்கிலாந்தில் டிரையம்ஃப் கம்பெனி 1959இல் ஹெரால்டை வெளியிட்டது. அந்தக் காலத்துக் கார்கள் பலவும் சேஸிஸ் இல்லாமல் ஒரே கூடாக வரத் தொடங்கியிருந்தன. டிரையம்ஃபுக்கு அப்படி முழுக்கூடு அடித்துத் தரக்கூடிய தொழிற்சாலை போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. வேறு வழியில்லாமல் தனியாக ஒரு இரும்புச் சேஸிஸ் செய்து, அதன்மேல் உடம்பைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கினார்கள். அந்தச் சேஸிஸைத்தான் பிறகு குட்டையாக்கி, 91.5 அங்குலச் சக்கர இடைவெளியை 83 அங்குலமாக்கி, மேலே தாழ்வான இரண்டு பேர் உடம்பு ஒன்றை வைத்தார்கள். அதுதான் 1962இல் லண்டன் மோட்டார் கண்காட்சிக்கு வந்த ஸ்பிட்ஃபயர். இரண்டையும் வரைந்தவர் ஜியோவானி மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். காசில்லாமல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, மாதிரி வண்டியை ஒரு மூலையில் துணி போர்த்தி வைத்திருந்தார்களாம். கம்பெனியை வாங்கிய லேலண்டுக்காரர்கள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, செய்யுங்கள் என்றார்கள்.

ஸ்பிட்ஃபயர் நம் ஊருக்கு வரவில்லை. அதற்கு முன்னோடியான ஹெரால்டு, 1961 முதல், சென்னையை ஒட்டி வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் உருவானது. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்டு. அன்றைய இந்தியாவில் கார் என்றால் ஏறக்குறைய இந்த மூன்றுதான், அதில் தெற்கத்திக்காரர்களுடையது இது. சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களில், உள்ளூர்ப் பையன்கள் கையில் கிடைத்த இந்தக் கார்களைத்தான் குடைந்து, இளைக்க வைத்து ஓட்டினார்கள். பிறகு இந்தியக் குடும்பம் பெரியது என்று நான்கு கதவு போட்டு ஹெரால்டு மார்க் 3 வந்தது. இங்கிலாந்திலேயே இல்லாத உருவம் அது. 1970களில் கேசல் என்று பெயர் மாறியது. பின் அச்சையும் மாற்றினார்கள். அதற்குப்பின் மாருதி வந்ததும் ஹெரால்டுகள் காயலான் கடைக்கு நடந்தன. 1980களின் நடுவில் ஒரு நல்ல சைக்கிள் வாங்கும் தெம்பிருந்தால் ஒரு கெட்ட ஹெரால்டை வாங்கிவிடலாம்.

என் சித்தப்பா அப்படித்தான் வாங்கினார். ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். விரித்துப் போட்ட தோலின்மேல் உள்ளங்கையை ஒருமுறை ஓட்டினால், எங்கே இறுக்கம், எங்கே தொய்வு, மாடு எந்தப் பக்கம் முள்வேலியில் உரசியது, உண்ணி எங்கே கடித்தது என்று சொல்லிவிடுவார். முதுகுத்தண்டை ஒட்டிய பகுதி ஷூவின் முன்மூக்குக்கு, வயிற்றுப் பகுதி கண்ணுக்குப் படாத இடத்துக்கு. ஒரு ஜோடி ஷூவின் மேல்பாகத்துக்குச் சுமார் 2 சதுர அடி தோல் வேண்டும்; அதில் விரற்கடை மிச்சம் பிடித்தாலும் கம்பெனிக்கு லாபம். வாழ்நாள் முழுக்க விரற்கடை மிச்சம் பிடித்த மனிதர், வேலூரில் ஒரு டாக்டர் வீட்டுப் புளியமரத்தடியில் நின்றிருந்த மார்க் 2 ஹெரால்டைப் பார்த்துவிட்டு, சித்தியின் சீட்டுப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். சித்தி பல வருஷம் அதைச் சொல்லிக் காட்டினாள். சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறி உட்காருவாள்.

வண்டி வந்த வாரமே அதன் கூரையைக் கழற்றினார். நான் பள்ளிக்கூடப் பையன். அவர் காரை அறுக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னாடா முழிக்கற? கழட்றதுக்குன்னே வச்சிருக்கான்டா" என்றார். நிஜமாகவே அப்படித்தான். முன்கண்ணாடிக்கு மேலே ஒரு வரிசை போல்ட், பின்னால் ஒரு வரிசை போல்ட். நாலு பேர் பிடித்துத் தூக்கினால் கூரை முழுசாக வந்துவிடும். அதைத் தூக்கிப்போய்க் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்தோம். ஐப்பசி வந்தால் திரும்ப மாட்டுவோம், தை பிறந்ததும் கழற்றுவோம். இன்றைக்கு அப்படிச் செய்ய முடியாது. வண்டியின் அடிப்படை உருவத்தை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது, அதிகாரிகளும் இப்போது பார்க்கிறார்கள். அன்றைக்கு ஆம்பூரில் அதைக் கேட்க ஆளில்லை. கேட்டவர்கள் எல்லாம் ஒரு ரவுண்டு ஏற்றிப் போகச் சொன்னார்கள்.

கூரை போனதும் வண்டி வேறு பிராணியாகிவிட்டது. மேடு பள்ளத்தில் கதவுகள் நடுங்கும். முன்கண்ணாடி லேசாக ஆடும். ஆனால் சாலை உள்ளே வந்துவிடும். பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது மணல் காற்று, டேனரிச் சுண்ணாம்புக் குழியின் நெடி, பைபாஸை ஒட்டிய பிரியாணிக் கடைகளின் வாசனை என்று ஒவ்வொன்றாக வந்து போகும். ஊருக்குள் இன்னொரு சந்தோஷம் இருந்தது. ஹெரால்டு திரும்புவதற்கு 25 அடி வட்டம் போதும். முன்சக்கரங்கள் ஏறக்குறைய குறுக்காகவே திரும்பி நிற்கும். ஆட்டோ திரும்பத் திணறும் சந்தில் சித்தப்பா ஒரே மூச்சில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவார். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் காலை மேலே தூக்கிக்கொள்வார்கள்.

பானெட்டைத் திறப்பதுதான் எனக்குப் பெரிய வேடிக்கை. பக்கவாட்டில் இரண்டு கொக்கி. எடுத்துவிட்டால் விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து வண்டியின் முழு முகமும் முன்னால் கவிழ்ந்து போகும். எஞ்சின் அம்மணமாக நிற்கும். முன்சக்கரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, முதுகு வளைக்காமல் வேலை பார்க்கலாம். 948 சிசி, நாலு சிலிண்டர். எது எதற்குப் போகிறது என்பதைப் பன்னிரண்டு வயதுப் பையன் விரல் வைத்துத் தொடரலாம். பெட்ரோல் இந்தக் குழாயில் வருகிறது, இந்தப் பம்பு இழுக்கிறது, கார்புரேட்டர் இங்கே. சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிட்டால், ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றிவிட்டு, ஓரமாக இளநீர் குடித்துவிட்டு வந்தால் கிளம்பிவிடும். மூடி வைத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாத இன்றைய எஞ்சினோடு எனக்குப் பகையில்லை. தினம் ஆபீசுக்கு அதில்தான் போகிறேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

வண்டியை முழுக்கப் பிரித்துச் சரிசெய்தது நான் வேலைக்குப் போன பிறகு. சேஸிஸின் இரண்டு பக்கமும் கைபோல் நீளும் இரும்புகள் இற்றுப் போயிருந்தன. ஹெரால்டுக்கு வழக்கமாக வரும் நோய் இது. உடம்பை முன்பாதி பின்பாதியாகப் பிரித்து இறக்கி, சேஸிஸை மட்டும் நாலு ட்ரம்மின்மேல் நிறுத்தினோம். அப்போது பார்த்தால் ஸ்பிட்ஃபயர் படத்தில் பார்த்த அதே எலும்புக்கூடு: நடுவில் முதுகெலும்பாக இரண்டு தண்டு, முன்னால் தனித்தனியாக ஆடும் சக்கரங்கள், பின்னால் குறுக்கே ஒரே ஒரு பட்டை வில். சித்தப்பா அதைச் சுற்றி வந்தார். "இவ்ளோதானா?" என்றார். ஏமாந்த குரல் இல்லை அது.

முன்சக்கரம் திரும்பும் இடத்தில் ட்ரனியன் என்று வெண்கலத்தில் ஒரு உருப்படி இருக்கிறது. மேலே இருக்கும் இரும்புத் தண்டு இதற்குள் மரை போல் சுழன்று திரும்பும். இதற்கு எண்ணெய்தான் விட வேண்டும், கியர்பாக்ஸுக்கு விடும் கெட்டி எண்ணெய். கிரீஸ் அடித்தால் மரைக்குள் இறங்காது, நீர் இறங்கும், தண்டு துருப்பிடித்து ஒரு நாள் ஒடியும், சக்கரம் மடங்கி வண்டிக்குக் கீழே போய்விடும். நம் ஊரில் அடியில் எந்த நிப்பிள் தெரிந்தாலும் சர்வீஸ்காரர் கிரீஸ் கன்னை வைத்துவிடுவார். எங்கள் வண்டியிலும் வருஷக்கணக்காக அடைத்து வைத்த கிரீஸ் கல்லாகியிருந்தது. புதிய ட்ரனியன் இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்தது. ஸ்பிட்ஃபயர் அங்கே மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது, 1980 வரை வந்தது, இன்றும் அதை வைத்து ஓட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் வண்டலூரில் செய்த எங்கள் வண்டிக்கும் உதிரிபாகம் கிடைக்கிறது. மீதியைச் சென்னைப் புதுப்பேட்டையில் தேடினோம். கிடைக்காததை லேத்துப் பட்டறையில் கடைந்தோம்.

பிரேக்குக்கும் மின்சாரத்துக்கும் அலைச்சல் இல்லை. 1960களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து டிவிஎஸ் குழுமம் பாடியில் லூகாஸ்-டிவிஎஸ்ஸையும் பிரேக்ஸ் இந்தியாவையும் தொடங்கிவிட்டது. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்குள் என்னென்ன இருந்ததோ, அதன் ஒன்றுவிட்ட சகோதரர்கள் சென்னையிலேயே பிறந்தார்கள். பழைய கடையில் அட்டைப் பெட்டியோடு கிடைத்த டைனமோ பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்த அன்றைக்குச் சித்தப்பா ஹோட்டலில் எல்லோருக்கும் டீ சொன்னார்.

ஓட்டுவதற்கு ஏலகிரிதான். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். வேலூர் வட்டாரத்து வெயிலில் ஒன்பது மணிக்குமேல் திறந்த காரில் உட்காருவது பிராயச்சித்தம் செய்பவனுக்குத்தான் சரி. வாணியம்பாடி தாண்டி, பொன்னேரியில் திரும்பினால் மலைப்பாதை. 14 கொண்டை ஊசி வளைவு, புலவர்கள் பேரும் வள்ளல்கள் பேரும் தாங்கிய பலகைகள், மேலே போனால் 1,000 மீட்டருக்கும் கூடுதலான உயரம். ஹெரால்டின் முதல் கியரில் சின்க்ரோமெஷ் கிடையாது. ஏறும்போது இரண்டாவதில் மூச்சு வாங்கினால் நிறுத்தாமல் முதலுக்கு இறக்க டபுள் கிளட்ச் அடிக்க வேண்டும்: கிளட்சை மிதி, நியூட்ரலுக்கு எடு, விடு, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு, மறுபடி மிதி, இப்போது போடு. சரியான நொடியில் தட்டினால் கியர் தானாக உள்ளே விழும், சத்தமே வராது. தப்பினால் மலை முழுக்கக் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா திட்ட மாட்டார். "ஓரிகிட்ட பாத்துக்கலாம்" என்று அடுத்த வளைவின் வள்ளலைக் காட்டுவார்.

இறங்கும்போது வேறு பாடம். பின்சக்கரங்கள் நடுவிலிருந்து ஊசலாடும் அச்சில் தொங்குகின்றன. வளைவில் வேகமாக நுழைந்துவிட்டுப் பயந்து சட்டென்று காலை எடுத்தால், பின்பக்கம் எழும்பி, வெளிச்சக்கரம் உள்ளுக்கு மடங்கப் பார்க்கும். ஸ்பிட்ஃபயரிலும் 1970 வரை இதே குணம்தான். அதனால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் போனபின் மெல்ல இழுத்துக்கொண்டே வர வேண்டும். வண்டி நழுவுவது இடுப்பில்தான் முதலில் தெரியும்; கண்ணுக்கு அப்புறம். மணிக்கு நாற்பதில் போகும்போதே நெஞ்சு படபடக்கிறது. பக்கத்தில் பைக்கில் இறங்கும் பையன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தாண்டிப் போகிறான். நேர்ச்சாலையில் முழுக்க மிதித்தாலும் 110ஐத் தொட்டால் பெரிது. இந்த வண்டியில் வேகம் என்பது எண்ணில் இல்லை என்று புரிந்துகொள்ள எனக்கு அந்தப் பதினான்கு வளைவுகள் வேண்டியிருந்தன. ஆறு வழி நெடுஞ்சாலையில் ஆயிரம் முறை 120ஐத் தாண்டியிருக்கிறேன், ஒன்றும் ஞாபகம் இல்லை.

எம்ஜி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று எங்களிடம் வந்தது இந்த ஹெரால்டைப் பார்த்துத்தான். டேனரி வைத்திருக்கும் குடும்பத்துப் பேரன், என் வயதுக்காரர், ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நேராக எங்கள் கொட்டகைக்கு வந்தார். "மாஸ்டர், எங்க குடோன்ல தாதா வாங்கினது ஒண்ணு நிக்குது. வந்து பாக்கறீங்களா?" பழைய தோல் கட்டுகளுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் எம்ஜி டிடி. 1950க்கும் 1953க்கும் நடுவில் இங்கிலாந்தின் ஆபிங்டனில் செய்தது. நீண்ட மட்கார்டு, உயர்ந்து நிற்கும் ரேடியேட்டர், பின்னால் வெளியே தொங்கும் ஸ்டெப்னி. கோலார் தங்கவயலில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனாராம். 1956இல் சுரங்கங்கள் சர்க்கார் கைக்கு வந்த சமயம். பேரணாம்பட்டு மலைப்பாதை வழியாகத் தாத்தா தானே ஓட்டிக்கொண்டு இறங்கினார் என்று அந்த வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள்.

தார்ப்பாயை எடுத்துவிட்டுச் சித்தப்பா கதவைத் தொட்டார். கதவு கையோடு வந்தது. இந்த வண்டியின் உடம்பு இரும்புத் தகடு மட்டும் இல்லை. உள்ளே ஆஷ் மரத்தில் சட்டம், அதன்மேல் தகடு. ஆம்பூர்க் கரையான் அந்தச் சீமை மரத்தை ருசி பார்த்து முடித்திருந்தது. பொடிதான் மிச்சம். பேரன் முகம் வாடிவிட்டது. சித்தப்பா மட்டும் அந்தப் பொடியைக் கையில் எடுத்துப் பார்த்து, "பேட்டர்ன் கீது பாய், போதும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் ஊர். ஷூ கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர் என்று ஒருவர் உண்டு. மரக்காலின்மேல் டேப்பை ஒட்டி, அதில் கோடு போட்டு, பிரித்து எடுத்து, தட்டையான அட்டையில் பதித்துவிடுவார். வளைந்த உருவத்தைத் தட்டையாக்கவும் தட்டையிலிருந்து திரும்ப வளைக்கவும் தெரிந்த கைகள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. தகட்டின் உள்வளைவையும் பொடிக்குள் தப்பிய துண்டுகளையும் வைத்து அட்டை அட்டையாக வெட்டினார்கள். அந்த அட்டைகளைப் பார்த்துக் குடியாத்தத்து ஆசாரி தேக்கில் இழைத்தார். தேக்கு அசல் மரம் இல்லை. ஆனால் கரையான் அவ்வளவு சீக்கிரம் வாய் வைக்காது. அசலை மதிக்கும் ஆட்கள் இதைக் கேட்டால் மூக்கைச் சுளிப்பார்கள். அவர்கள் வீட்டில் கரையான் இல்லை.

எஞ்சினை இறக்கியபோது லேத்துக்காரர் திகைத்துப் போனார். போல்ட் தலைக்குப் பழைய விட்வொர்த் ஸ்பானர்தான் பொருந்துகிறது, மரையை அளந்தால் மில்லிமீட்டர் கணக்கு. காரணம் பிரெஞ்சுக்காரர்கள். ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி முதல் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் தொழிற்சாலை போட்டது. 1923இல் கார் தயாரிப்பாளர் மோரிஸ் அதை வாங்கினார். இயந்திரங்கள் எல்லாம் மெட்ரிக் மரை வெட்டுபவை. மாற்றச் செலவாகும் என்று மரையை அப்படியே விட்டுவிட்டு, இங்கிலாந்து மெக்கானிக்கிடம் இருக்கும் ஸ்பானர் பொருந்தட்டும் என்று தலையை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். அதன் வாரிசுதான் எம்ஜியின் 1,250 சிசி எஞ்சின். இந்தச் சிக்கனத்தைக் கேட்டுச் சித்தப்பா வெகுநேரம் ரசித்தார்.

சீட்டு மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. எம்ஜியில் உட்காரும் பக்கமும் சாயும் பக்கமும் அசல் தோல். பின்னாலும் பக்கவாட்டிலும் ரெக்சின். பெருமைக்கு எல்லாமே தோலாகப் போட்டுவிடலாம் என்றார் பேரன். டேனரி வைத்திருப்பவர், அவருக்குத் தோலுக்கா பஞ்சம்? சித்தப்பா ஒப்பவில்லை. அவன் எங்கே மிச்சம் பிடிச்சானோ அங்கேதான் நாமும் பிடிக்கணும் என்றார். அந்தக் காலத்தில் ரோல்ஸ்ராய்ஸ், ஜாகுவார் எல்லாம் கானலி சகோதரர்கள் என்ற லண்டன் கம்பெனியில் தோல் வாங்கினார்கள். வடக்கு ஐரோப்பிய மாட்டுத் தோல். பெரிசு, முள்வேலித் தழும்பு குறைவு. நம் மாட்டுத் தோல் சின்னது, தழும்புக்கும் குறைவில்லை. சீட்டின் நீளத்துக்கு ஒரே துண்டாகத் தேறாது. ஆனால் எம்ஜி சீட்டு நெடுகக் குழாய் குழாயாக மடித்துத் தைத்தது. ஒவ்வொரு மடிப்பின் பள்ளத்திலும் இணைப்பை ஒளித்துவிடலாம். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது.

தோலைத் தேர்ந்தெடுக்கக் குடோனில் அரைநாள். குரோம் போட்ட தோல் மிருதுவாக இருக்கும், சாயம் நன்றாகப் பிடிக்கும், ஷூவுக்கு எல்லாம் அதுதான். அவருக்கு ஆவாரம் பட்டையில் பதப்படுத்திய தோல் வேண்டும். கிழக்கிந்தியத் தோல் என்று ஒரு காலத்தில் இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது அதுதான்: பட்டைச் சாறு, முடிவில் கடுக்காய், பொன் நிறம். பாதிச் சாயம் போட்டு, வெயிலேறினால் நிறம் கறுக்கும் என்று தெரிந்தே எடுத்தார். தையல் போட்டவர் வீட்டில் அப்பர் ஜாப் ஒர்க் செய்யும் பாய். ஓரங்களை மெலிதாகச் சீவி, உள்ளே கயிறு வைத்துப் பைப்பிங் அடித்தார். ஊசி போகும் இடைவெளி ஷூவுக்கு ஒன்று, சீட்டுக்கு ஒன்று. "இதுல நடக்கப் போறதில்ல, உக்காரப் போறாங்க" என்று தையலைக் கொஞ்சம் அகலமாக்கினார். அடியில் தேங்காய் நார் மெத்தை.

புதுத் தோல் வாசனையைப் பற்றிக் கார்ப் பிரியர்கள் உருகி எழுதுவதைப் படிக்கும்போது எனக்குப் பாலாறு ஞாபகம் வரும். எங்கள் கிணறுகளில் உப்பேறிய தண்ணீர், உழவை விட்ட நிலம், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996இல் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு, அதற்குப் பின் வந்த சுத்திகரிப்பு நிலையங்கள், மூடிப்போன சின்ன டேனரிகள். அந்த வாசனைக்கு விலை கொடுத்தவர்கள் காரில் ஏறியதில்லை. சித்தப்பா இதையெல்லாம் வாதாட மாட்டார். கழிவில் ஒரு துண்டுத் தோலையும் வீசவிட மாட்டார். சீட்டில் மிஞ்சியது கியர் லீவரின் அடியுறையாக ஆனது, அதில் மிஞ்சியது பானெட் வாரானது, கடைசித் துணுக்குகள் கதவு ஆடாமல் இருக்க அணைப்பு வாஷர்களாகின.

எம்ஜியின் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களையும் ஒத்துப் பாட வைத்ததும் சித்தப்பாவே. ரப்பர் குழாயின் ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டரின் வாயில். உறிஞ்சும் சத்தம் இரண்டிலும் ஒன்றாக வர வேண்டும். பிறகு பிஸ்டனை மயிரிழை தூக்கிப் பார்ப்பார்: எஞ்சின் வேகமெடுத்து அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் பெட்ரோல் கூட, தடுமாறினால் குறைவு, லேசாகத் துள்ளிவிட்டுப் பழைய நிலைக்கு வந்தால் சரி. கம்பெனியில் முப்பது மெஷின் ஓடும் கூடத்தில் எந்த மெஷினின் ஊசி மழுங்கியது என்று கேட்டே சொன்ன காது.

எம்ஜியை முதலில் வெளியே எடுத்துப் போனது காவலூர்ப் பாதையில். நெடுஞ்சாலை அதற்கு ஆகாது; லாரிச் சக்கரத்தின் அச்சு காதுக்கு நேராகச் சுற்றும். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் போய், ஜவ்வாது மலைக்குள் ஏறினால் காட்டுப் பாதை. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 2.34 மீட்டர் தொலைநோக்கியோடு. இருட்டு நல்ல இருட்டாக இருக்கும் என்றுதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977இல் உலகத்தின் சில இடங்களிலிருந்து பார்த்தார்கள், அதில் ஒன்று இது. மாசி மாத ராத்திரி, ஹூட்டை மடித்துவிட்டு, பேரன் ஓட்ட, சித்தப்பா பக்கத்தில். பின்னால் நான் ஹெரால்டில் சித்தியோடு. முன்னால் போகும் வண்டியின் வெளிச்சம் மரங்களுக்குள் மஞ்சளாக வளைந்து வளைந்து போனது. மேட்டில் நிறுத்தி எஞ்சினை அணைத்தபோது சித்தி அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுக்கா என் சீட்டுப் பணம்" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. பிளாஸ்கில் காபி இருந்தது.

இப்போது பழைய கார்களுக்குத் தனிச் சட்டம் வந்திருக்கிறது. 2021இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது: 50 வருஷம் தாண்டி, அசல் உருவம் மாறாமல் இருந்தால் விண்டேஜ் வண்டி; பலகையில் விஏ என்ற எழுத்து; புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். கண்காட்சி, பழைய கார் ராலி, ஆராய்ச்சி போன்ற காரியங்களுக்கு ஓட்டலாம், தினசரி ஓட்டக் கூடாது. தினசரி ஓட்டாவிட்டால் இந்த வண்டிகள் கெட்டுப்போகும் என்று விதி எழுதியவர்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம். ரப்பர் காய்ந்துவிடும், பெட்ரோல் பிசினாகிவிடும். ஏலகிரிக்குப் போவது ஆராய்ச்சிதான் என்று சித்தப்பா சொல்கிறார்.

அவருக்குக் கண் சற்று மங்கிவிட்டது, கை மங்கவில்லை. போன மாதம் வாணியம்பாடியிலிருந்து ஒரு பையன் வந்தான். சாஃப்ட்வேர் வேலை, பெங்களூரிலிருந்து ஒரு மார்க் 3 ஹெரால்டை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். போனில் படம் காட்டினான். சீட்டுக்கு என்ன நிறத் தோல் போடலாம், ஏசி வைக்க முடியுமா, மியூசிக் சிஸ்டம் எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, சேஸிஸைத் தட்டிப் பார்க்கச் சின்னச் சுத்தியலையும், அலமாரியிலிருந்து கியர் எண்ணெய் டப்பாவையும் எடுத்துப் பையில் வைத்தார். "வண்டிய எங்க நிறுத்தி வச்சிருக்க நைனா? ஞாயித்துக்கிழம வரைக்கும் எவனையும் கிரீஸ் அடிக்க விடாத."

ஞாயிற்றுக்கிழமை வரை அவரும் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலமே ஹெரால்டை எடுக்கச் சொன்னார்.